பின்வளவுக் கசடு

சீனிமுகம்மதுவின் வலது கைப் பெருவிரலில் நகம் கிடையாது. அசிட் தின்றுவிட்டது. அந்தப் புண்ணோடுதான் அவர் முதன்முதலாக என்னிடம் வந்தார். தொண்ணூற்றொன்றாம் ஆண்டு, ஆஸ்பத்திரியில் புண் கட்டும் வேலையிலிருந்து நான் இளைப்பாறியிருந்த காலம். கல்முனைக்குடியில் எங்கள் ஒழுங்கைக்காரர் வெட்டுக்காயம், தீக்காயம் என்றால் முதலில் என் வாசலுக்குத்தான் வருவார்கள். இவர் விரல் முழுக்கப் பற்பசையை அப்பிக்கொண்டு வந்திருந்தார்.

"இத ஆரு பூசச் சொன்ன?"

"கமீலாதான், ராத்தா." கமீலா அவர் மனைவி; ராத்தா என்றால் எங்கள் பக்கத்தில் அக்கா.

"பல்லுக்குப் பூசுறதப் பல்லுக்குப் பூசச் சொல்லுங்க. அசிட் பட்டா தண்ணி. நிறையத் தண்ணி. வேற ஒண்டும் வேணாம்."

"அப்ப கிணத்துக்குள்ள குதிக்கவா?" என்று சிரித்தார். நான் பற்பசையைக் கழுவத் தொடங்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

அவருடைய தொழில், ஓடிக் கறுத்த எஞ்சின் ஒயிலைத் திரும்பச் சுத்தம் செய்வது. இளமையில் கொழும்புப் பக்கம் ஒரு சிறிய ஆலையில் அதே வேலை செய்தவர். தொண்ணூறில் சண்டை மூண்டபோது ஊரில் நின்றவர், பிறகு ஆலைக்குப் போகவில்லை. அப்போது புது ஒயில் லொறி வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. உழவு மெசினும் நெல் மில்லும் தோணி எஞ்சினும் ஒயில் இல்லாமல் ஓடமாட்டா. கராஜ்காரர்களோ கழிவொயிலை மணலில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அதை வாங்க இவர் சைக்கிளில் கேன்களைக் கட்டிக்கொண்டு புறப்பட்டார்.

வாங்கி வந்ததைப் பரலென்னும் இரும்புப் பீப்பாயில் ஊற்றி வெயிலில் விடுவார். தண்ணீரும் இரும்புத் தூளும் அடியில் இறங்கும். மேலே நிற்பதை வெட்டிய பரலொன்றில் ஊற்றி உமி நெருப்பில் காய்ச்சுவார். நுரை அடங்கினால் மிச்சத் தண்ணீரும் போய்விட்டது என்று அர்த்தம். ஆறியபின், பற்றரிக் கடையில் வாங்கிய தண்ணீர் கலக்காத அசிட்டைக் கொஞ்சங்கொஞ்சமாக விட்டு மரத்துடுப்பால் கிண்டுவார். கரியும் பிசினும் திரண்டு அடியில் படியும். தெளிந்து நிற்பதை எடுத்து, சுட்டு இடித்த களிமண்ணோடு மறுபடி சூடாக்கித் துணியில் வடிப்பார். வருவது தேயிலைச் சாயம் போலிருக்கும்.

பாண்டிருப்பிலிருந்து இராசதுரை என்ற கமக்காரர் தன் லேண்ட்மாஸ்டர் உழவு மெசினுக்கு அவரிடம்தான் வாங்குவார். போத்தலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, எங்கள் ஊர் முறையில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல், "காக்கா, இத எஞ்சினுக்கு ஊத்துறதா, பாணுக்குப் பூசுறதா?" என்பார்.

"பாணுக்குப் பூசித் திண்டு பாரன். ஹாண்டில் போடாமலே எழும்பி ஓடுவாய்."

ஊரே தமிழர், முஸ்லிம் என்று முறுகி நின்ற நாட்களிலும் இராசதுரை அந்த ஒயிலுக்காக ஒழுங்கை ஒழுங்கையாகச் சுற்றி வந்து போனார்.

பிரச்சினை ஒயிலில் இல்லை. அடியில் படிந்த கசடில் இருந்தது. பார்த்தால் மஸ்கட் அல்வா போலத் தளதளவென்று கறுப்பாக இருக்கும். கிட்டப் போனால் கண் எரியும். கொழும்பில் அதை ஒரு லொறி வந்து ஏற்றிக்கொண்டு போகுமாம். எங்கே போனது என்று அவர் கேட்டதில்லை. ஊருக்கு வந்தபிறகு முதலில் கடற்கரையில் கொட்டினார்; மாயவலை இழுக்கும் மீன்காரர் அடிக்க வந்தார்கள். பரலில் அடைத்து ஊருக்கு வெளியே கொண்டுபோனார். சோதனைச் சாவடியில் மூடியைத் திறந்து பார்த்த சிப்பாய்கள், ஆள் வந்து பொறுப்புச் சொல்லும்வரை வெயிலில் முட்டுக்காலில் நிறுத்திவிட்டார்கள். அதன்பிறகு அவர் எங்கும் கொண்டுபோகவில்லை. வீட்டுக்குப் பின்னாலிருந்த காணியில், பின்வளவில், குழி வெட்டித் தாட்டார்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குரியது. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். தாயும் தகப்பனும் அந்த வீட்டை மகளுக்கு விட்டுவிட்டுப் பின்னால் ஒதுங்குவார்கள். அடுத்த மகளுக்கு வளவின் மிச்ச இடத்தில் இன்னொரு வீடு எழும்பும். சீனிமுகம்மதுவும் அப்படி மனைவி கமீலாவின் வளவுக்கு வந்தவர்தான். முன்வீடு மூத்த மகள் ஸாலிஹாவுக்குப் போய்விட்டது. பின்வளவு இளையவள் நஜ்லாவுக்கு. இது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் மாப்பிள்ளையாக வந்த மனிசனுக்கு, மகளிடம் கொடுத்த மண்ணில் கைவைக்க வெட்கம். இன்னும் கொடுக்காத மண் சும்மா கிடக்கும் மண் என்று நினைத்துவிட்டார். ஸாலிஹாவின் பக்கத்தில் ஒரு சொட்டுச் சிந்தினாலும் மணலை அள்ளி மாற்றுவார். நஜ்லாவின் பக்கத்தில் குழிக்குமேல் குழி.

"நம்மட மணல் எதையும் குடிச்சிரும்," என்பார்.

"குடிச்சது பேசாமக் கிடக்குமா?" என்று கமீலா கேட்டாள். கேட்டதோடு சரி. அடுப்பெரிந்தது அந்தத் தொழிலில்தான்.

தொண்ணூற்றாறில் நஜ்லாவுக்குக் கலியாணம் பேசினார்கள். மருதமுனையில் தறி நெய்யும் மிஹ்லார் என்ற நல்ல பொடியன். பேசி முடித்தவர் கமீலாவின் மூத்த சகோதரர் மஜீட். வீட்டுச் சுவர் எழும்பியதும் நிகாஹ் என்று ஏற்பாடு. வீட்டுக்கு முதல் கிணறு வெட்டவேண்டும். மேசன் வேலைக்குத் தண்ணீர் வேண்டும். அதைவிட, கடலோர ஊரில் ஒரு வளவில் நல்ல தண்ணீர், வேலிக்கு அந்தப் பக்கம் உவர். ஆகவே மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் நாள் வைப்பார்கள்.

கிணறு வெட்ட வந்த அப்துல் ஸமட் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு என் வாசலில் வந்து நின்றார். கெண்டைக்கால் இரண்டும் சிவந்து கொப்புளித்திருந்தன.

"தண்ணி நல்லா ஊறுது, ராத்தா. ஆனா மயில்தோகை மாதிரி மினுங்குது. வாயில விட்டன், பழப்புளி மாதிரிக் கூசுது."

"வாயில ஏன் விட்ட?"

"கிணறு வெட்டுறவன் ருசி பாக்காம வேற ஆரு பாக்கிற?"

காலைக் கழுவிவிட்டுப் போய்ப் பார்த்தேன். கிணற்றுக்கு இறக்கிய சீமெந்துக் கொட்டின் உள்பக்கம் முழுக்கக் கறுப்பு வளையம். வாளியில் அள்ளிய தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம், மூக்கில் குத்தும் நெடி. குடிக்கவும் ஏலாது, குளிக்கவும் ஏலாது, பிள்ளைத் துணி கழுவவும் ஏலாது என்று சொன்னேன். வேலியோரம் வேறு இடத்தில் வெட்டிப் பார்த்தார்கள். நெடி குறைவு, படலம் அதேதான்.

சீனிமுகம்மது மணல் குவியலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்.

"எத்தின குழி தாட்ட?" என்று மஜீட் கேட்டார்.

"கணக்கு வைக்கல்ல, மச்சான்."

"மகளுக்கு வீடு கட்டுற இடத்துல நரகத்தத் தாட்டிட்டுக் கணக்கும் வைக்கல்லயாம்!" மஜீட் தலையில் கைவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நடந்தார். பிறகு வழி சொன்னார். கிணற்றை வடிவாகக் கட்டிவிடுவது. மாப்பிள்ளையின் தாய் வரும் நாளில் ஸாலிஹாவின் கிணற்றுத் தண்ணீரைக் குடத்தில் நிரப்பி இந்தக் கிணற்றுக் கட்டில் வைப்பது. "கலியாணம் முடியட்டும். மறுகா நஜ்லா முன்கிணத்துல அள்ளிக்கிட்டுப் போகட்டும். ஆரு கேக்கப்போற?"

கமீலா ஒப்புக்கொண்டாள். நஜ்லா குசினி வாசலில் நின்று, "வாப்பா என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள். வாப்பா மணலைக் கையால் கிளறிக்கொண்டிருந்தார்.

மிஹ்லாரின் தாய் சொந்தக்காரப் பெண்கள் இருவரோடு வந்தார். என்னையும் கமீலா கூப்பிட்டிருந்தாள். படித்த ஆள் ஒன்று பக்கத்தில் நின்றால் மரியாதை என்று. குடத்திலிருந்து வார்த்துக் கொடுத்தாள். அந்த மனிசி நின்றபடி குடிக்கவில்லை. உட்கார்ந்து, பிஸ்மி சொல்லி, மெல்லக் குடித்தார்.

"மாஷா அல்லாஹ். வாயில நிக்குது கா இந்தத் தண்ணி. இன்னும் ஒழுப்பம் தாங்க."

"இந்த வளவுத் தண்ணி சக்கரையெண்டு ஊருக்கே தெரியும்," என்றார் மஜீட்.

கமீலா இரண்டாம் தரம் வார்க்கக் குடத்தைச் சரித்தபோது சீனிமுகம்மது எழும்பினார்.

"சம்மந்தி, அது ஸாலிஹாட கிணத்துத் தண்ணி. இந்தக் கிணறு நஞ்சு. நான் ஒயில் கசட்ட இந்த மண்ணுலதான் தாட்டிரிக்கன்."

"மச்சான்!" என்று மஜீட் கத்தினார். கமீலாவின் கையில் குடம் அப்படியே நின்றது.

மிஹ்லாரின் தாய் கோப்பையைக் கிணற்றுக்கட்டின் மேல் வைத்தார். புதுக் கிணற்றில் ஒரு வாளி அள்ளச் சொன்னார். விரலை நனைத்து முகர்ந்து பார்த்துவிட்டுச் சேலை முந்தானையில் துடைத்தார். முந்தானையில் கறை விழுந்தது.

"மகளுக்குரிய வளவெண்டு தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும்."

மிஹ்லாரின் தாய் எழும்பினார். செருப்பைப் போட்டுக்கொண்டே கமீலாவைப் பார்த்துச் சொன்னார்: "எங்கட மகன் வந்து இருக்கிற வீட்ட எங்க கட்டப்போறீங்க எண்டு சொல்லி அனுப்புங்க. மறுகா நாளப் பத்திக் கதைப்பம்."

அன்று பின்னேரம் மஜீட் வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லிவிட்டுப் போனார். கமீலா அழவில்லை. குடத்துத் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். சீனிமுகம்மதுவிடம் ஏன் சொன்னீர்கள் என்று நான் பிறகொரு நாள் கேட்டேன்.

"முதல் தரம் குடிக்கக்குள்ள பேசாமத்தான் இருந்தன், ராத்தா. பிஸ்மி சொல்லிட்டுக் குடிச்சாவே, அதுக்கும் இருந்தன். இன்னும் தாங்க எண்டு கேட்டதுதான் எனக்கு ஏலாமப் போயிட்டு."

மறுநாளே குழிகளைத் தோண்டத் தொடங்கினார். தனியாகத்தான். கசடை அள்ளிச் சுண்ணாம்பு போட்டுப் பிசைந்து சாக்கில் கட்டினார். ஒரு செங்கல் சூளைக்காரர் உமியோடு சேர்த்து எரிக்கிறேன் என்று சில சாக்குகளை எடுத்தார். எரித்தபோது வேலையாட்கள் இருமி விழுந்தார்களாம். மிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். அந்தச் சாக்குகள் வேலியோரம் அடுக்கியபடி கிடந்தன. எவ்வளவு தோண்டியும் மணலின் கறுப்பு கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. ரப்பர் சப்பாத்துப் போடுங்கள் என்று சொன்னேன். போட்டார், அதற்குள்ளும் ஊறிவிட்டது. இடது குதிக்காலில் ஒரு புண் வந்தது. அது ஆறவில்லை.

மருதமுனையிலிருந்து ஒரு தகவலும் இல்லை. நஜ்லா வாசலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்கள், "ஒயில்காரன்ட மகளக் கட்டினா விளக்குக்கு மண்ணெண்ண வாங்கத் தேவல்ல, கிணத்துல அள்ளலாம்," என்று வேலிக்கு மேலால் சிரித்தார்கள்.

முடிவெடுத்தவள் ஸாலிஹா. தன் முன்வளவில் தெற்குப் பக்கத்துத் துண்டையும் அந்தப் பக்கத்து அறையையும் தங்கச்சிக்கு விடுகிறேன் என்றாள். அவளுடைய புருசன் துள்ளினார்.

"குடுத்த வீட்டத் திரும்ப அறுக்கிற வழக்கம் எந்த ஊருல இரிக்கி?"

"அறுக்கல்ல. நடுவுல சுவரொண்டு வைக்கிறம்."

"என்ட உம்மா வாப்பாக்கு நான் என்ன சொல்ற?"

"தண்ணி இல்லாத இடத்துல ஒரு புள்ளைய இருத்த ஏலா எண்டு சொல்லுங்க."

அவர் இரண்டு கிழமை தன் தாய் வீட்டில் போய் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். வந்தபிறகும் மாமனாரோடு கதைக்கவில்லை.

ஸாலிஹா தகப்பனிடம் ஒரு நிபந்தனை வைத்தாள். நான் புண்ணுக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தபோதுதான் வந்து சொன்னாள்.

"வாப்பா, இந்த வளவுல இனி நெருப்பு மூட்டப்படா."

"மூட்டல்ல."

"வேற வளவுலயும்."

அவர் நகமில்லாத விரலைத் தடவிக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரிஞ்சது அது ஒண்டுதான், மகள்."

"தெரியும் வாப்பா."

அவள் போய்விட்டாள். பரல்களை அவர் அந்தக் கிழமையே பழைய இரும்புக்காரரிடம் கொடுத்தார். இராசதுரை வெறும் கேனோடு வந்து, நம்பாமல் பின்வளவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

மருதமுனைக்கு ஆள் அனுப்பினார்கள். அந்த மனிசி நேரில் வந்து ஸாலிஹாவின் கிணற்றில் தானே வாளி விட்டு அள்ளிக் குடித்துவிட்டு நாள் வைத்தார். நிகாஹ் நடந்தது. நஜ்லாவுக்கு ஒரு அறையும் ஒரு சின்னக் குசினியும். கிணற்றுக்கு அக்காவின் வாசலால்தான் போகவேண்டும். ஸாலிஹாவின் புருசன் வீட்டில் நிற்கும் நேரத்தில் அவள் போகமாட்டாள். சீமெந்துப் பலகை போட்டு மூடிய பின்கிணறு வீட்டுக்காரரில்லாத வளவில் நிற்கிறது. அங்கே கீரை போடாதீர்கள், கோழி மேயவிடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

சீனிமுகம்மது இப்போது அக்கரைப்பற்றில் ஒரு கராஜில் வாகனங்களுக்கு ஒயில் மாற்றுகிறார். காலை பஸ்ஸில் போய்ப் பின்னேரம் வருகிறார். அங்கே கழற்றும் ஒயிலை யாரோ வந்து காய்ச்ச வாங்கிப் போகிறார்களாம். கசடை எங்கே போடுகிறீர்கள் என்று இவர் கேட்டிருக்கிறார். உமக்கு ஏன் அந்தக் கதை என்றார்களாம்.

போன வாரம் குதிக்காலுக்குக் கட்டுப்போட வந்தபோது கமீலாவும் கூட வந்தாள். அவர் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார். அவள் அவரைப் பார்க்காமல் என்னிடம் சொன்னாள்:

"இந்த மனிசன் அண்டைக்கு வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா, என்ட புள்ள தன்ட வளவுல தலை நிமிந்து இருந்திருப்பா, ராத்தா."

"இருந்துகொண்டு எந்தத் தண்ணியக் குடிச்சிருப்பா?"

"ஸாலிஹாட தண்ணியத்தான். இப்பவும் அதத்தானே குடிக்கிறா?"

அவர் கண்ணைத் திறக்கவில்லை. நான் சீலையைச் சுற்றி முடிச்சுப் போட்டேன். நாளைக்கும் வரச் சொன்னேன்.