நான் அடித்த பலகை

ஃபிஜியில் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்த வருஷம், தவுவா கரும்பு நிலத்திலிருந்து இந்திய வம்சத்தவர்களான எங்களைப் பூர்வகுடிகள் துரத்தினார்கள். சிட்னிக்குப் போன அண்ணன் விட்டுச்சென்ற வீடு போல அமைத்த வேனில் நானும் மனைவியும் நசினுவில் குடியிருந்தோம். பயத்தில், கேஸில் ஓடும் பிரிட்ஜுக்குப் பின்னால் இருந்த காற்றுத் துவாரத்தையும் பலகையால் அடித்துவிட்டேன்.

வெயிலில் பிரிட்ஜ் குளிரவில்லை. "ஏங்க, சர்க்கரை ஊசி மருந்து சூடேறுது. கெட்டா நான் செத்தேன்" என்றாள் மனைவி.

பக்கத்து வீட்டுப் பூர்வகுடி ஃபிஜிக்காரர் வந்து பார்த்துச் சிரித்தார்.

"மூக்கைப் பொத்திட்டு மூச்சு விடுன்னா எப்படிப்பா?" என்று இந்தியில் சொல்லிக்கொண்டே என் சுத்தியலை வாங்கிப் பலகையைப் பிடுங்கினார்.

சாயங்காலத்துக்குள் பிரிட்ஜ் குளிர்ந்தது. சுத்தியலைத் திருப்பிக் கொடுக்க வந்தவர் கேட்டார்:

"எதுக்கு அடைச்சே?"

"நெருப்பை உள்ளே போடுவாங்கன்னு."

"யாரு?"

நான் தலையைக் குனிந்து, பிடுங்கிய பலகையை ஓரமாகத் தள்ளி வைத்தேன். அவர் சிரிப்பு நின்றது. சுத்தியலை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

துரத்தியவர்கள் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. ஆனால் அவரிடம் அப்புறம் முகம் கொடுத்துப் பேச என்னால் முடியவில்லை.