இருட்டு அக்கா

காலையில் வந்து உட்கார்ந்ததும் ஒரு நகரத்தின் மின்சாரத்தைப் பறிப்பதுதான் அவளுடைய முதல் வேலை. நகரம் கணினிக்குள் இருக்கிறது. அதன் தெருக்கள், காற்றாலைகள், பேட்டரிக் கிடங்குகள் எல்லாமே எண்கள். புதிதாக எந்த மின்னமைப்பைக் கட்டுவதென்றாலும் முதலில் அவளிடம் அடிபட்டாக வேண்டும். "கொஞ்சம் மேகம் போடுறேன்" என்பாள், தேநீரில் சர்க்கரை போடுகிறவளைப் போல. பிறகு காற்றை நிறுத்துவாள். எல்லா வீட்டிலும் ஒரே சமயத்தில் ஹீட்டரை ஓட விடுவாள். எது முதலில் சாய்கிறது என்று கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அலுவலகத்தில் 'இருட்டு அக்கா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவளுக்கும் தெரியும். "இங்க அணைஞ்சாத்தான்பா அங்க அணையாது" என்று சிரிப்பாள்.

அங்கேயும் அணைந்தது. நுரையீரல் கெட்டுப் படுத்த படுக்கையாகிவிட்ட கணவர், வீட்டில் மூச்சு இயந்திரத்தின் தயவில் இருந்தார். போன வருடம் ஒரு பிற்பகல், வானம் சட்டென்று மூடிக்கொண்ட அதே வேளையில் பூமிக்கடியில் ஒரு கேபிளும் வெடித்தது. நகரத்தைக் காப்பாற்ற, அவளுடைய சோதனையில் செய்தபடியே, மின்னமைப்பு சில தெருக்களைக் கைகழுவியது. அதில் அவள் தெருவும் ஒன்று. வீட்டிலிருந்த பேட்டரி பாதியில் கைவிரித்தது. தகவல் கேட்டு அவள் போய்ச் சேர்ந்தபோது விளக்கு திரும்பியிருந்தது. அவர்தான் இல்லை.

விசாரணையில் யார் மேலும் குற்றமில்லை என்றார்கள். யாராவது தன்னைத் திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

அன்றிலிருந்து சாப்பாட்டு இடைவேளைகளில் அந்தப் பிற்பகலை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்க்கிறாள். அதே மேகம், அதே கேபிள். ஒரு பேட்டரியை இங்கே நகர்த்துவாள், அங்கே நகர்த்துவாள். தெரு அணையும். போனவரையே நினைத்து ஏன் புண்ணைக் கிளறிக்கொள்கிறாய் என்று நாத்தனார் கடிந்துகொண்டாள். "இன்னொரு வீட்லயும் யாராவது அப்படிப் படுத்திருப்பாங்களே" என்றாள் இவள்.

போன வாரம் திரையில் தெரு அணையவில்லை. தெருமுனையில் சின்னதாக ஒரு பேட்டரி. மூச்சு இயந்திரம் உள்ள வீடுகளைத் தொடக்கூடாதென்று ஒரு கட்டளை. பக்கத்து மேசைப் பொறியாளர் எல்லாரையும் கூட்டிவந்து காட்டினார். திட்டத்தில் சேர்க்கலாம் என்று தலைவர் சொல்லிவிட்டுப் போனார். கூட்டம் கலைந்ததும், சோதனையை நிறுத்தப் பொறியாளர் கையை நீட்டினார்.

"இருக்கட்டும்," என்றாள். "ஓடட்டும், விடுங்க."

கணவர் இறந்த நேரம் திரையில் கடந்து போனது. தெருவில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. திரையில் மாலையானது. அவள் நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.