சிக்னல் அக்காவின் விடுமுறை

இடது கையை நீட்டி ஒரு மூட்டை வண்டியை நிறுத்திவிட்டு, வலது கையால் இரண்டு ஆட்டோக்களை வரச்சொல்லிக் கொண்டிருந்தார் சிக்னல் அக்கா. சீருடை இல்லை, பூப்போட்ட சேலை, தோளில் பயணப் பை. ஊரும் அவருடையதில்லை. இருபத்தாறு வருடம் நாற்சந்தியில் நின்ற போக்குவரத்துக் காவலர். கைகள் சொன்ன பேச்சைக் கேட்டால்தானே!

“சுத்திப் பாக்க வந்தோமா, டூட்டி பாக்க வந்தோமா?” என்றார் வீட்டுக்காரர்.

“அஞ்சே நிமிஷங்க. இந்த முடிச்சை அவுத்து விட்டுட்டு வந்துடறேன்.”

ஒன்பது நாளில் மூன்று பழைய நகரங்கள். மற்றவர்கள் படம் எடுத்தார்கள். அக்கா நுழைவுச்சீட்டுகளின் பின்பக்கத்தில் சந்துகளை வரைந்து, எதை ஒருவழிப் பாதையாக்கலாம் என்று அம்புக்குறி போட்டார். கோட்டையின் வளைந்த வாசலைப் பார்த்ததும், “ராஜா விவரமான ஆளு. யானையே மெதுவாத்தான் திரும்பணும்” என்று சான்றிதழ் கொடுத்தார். வீட்டுக்காரர் கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர். ஊரார் நேரத்தையெல்லாம் சரிசெய்வார். ஒரு சிற்பத்தின் முன்னால் நின்றால் தன் நேரம் போவது தெரியாது. காதும் கொஞ்சம் மந்தம்.

மூன்றாவது நகரத்தில் அந்தப் பெரிய பள்ளிவாசல். ஏரியைப் போல் பரந்த வெள்ளைக்கல் முற்றம். வெள்ளிக்கிழமைத் தொழுகை நடந்துகொண்டிருந்தது. அக்கா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு ஓரத்தில் நின்றார். ஆயிரக்கணக்கானவர்கள் நூல் பிடித்தாற்போல் வரிசையில் குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள்.

“ஒரு விசில் இல்ல, ஒரு கயிறு இல்ல, பாத்தீங்களா?” என்று திரும்பினார். பக்கத்தில் வீட்டுக்காரர் இல்லை.

அவருடைய போனோ அக்காவின் பையில். தொழுகை முடிந்து, கூட்டம் எல்லா வாசல்களிலும் வழியத் தொடங்கியது. காணாமல் போன எத்தனையோ பேரைக் கண்டுபிடித்துக் கொடுத்தவருக்கு எந்த வாசலில் தேடுவதென்று தெரியவில்லை. கூட்டத்துக்குள் பாயப் போனவரை வாசலில் இருந்த செருப்புக் காவலர் விசாரித்துத் தடுத்தார்.

“ஓடாதீங்கம்மா. நீங்க அந்தப் பக்கம் தேட, அவரு இந்தப் பக்கம் தேட, பொழுது சாஞ்சிடும். அவரு செருப்பு இங்கதானே கெடக்கு? வெறுங்காலோட எங்க போயிடுவாரு?”

அக்கா செருப்புகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். ஒரு கூட்டம் கடந்துபோவதை வேலையில்லாமல் பார்த்தது அன்றுதான். நடக்க முடியாத ஒருவரை இரண்டு பேர் தாங்கி வந்தார்கள். யாரும் சொல்லாமலே கூட்டம் வழிவிட்டது. அக்காவின் கண் மட்டும் ஒவ்வொரு முகமாய்த் தாவியது. கடைசி ஆளும் போய் முற்றம் காலியானபோது அக்கா எழுந்து நின்றுவிட்டார்.

அப்போதுதான் தூண்களுக்கு நடுவிலிருந்து ஆடி அசைந்து வந்தார் வீட்டுக்காரர்.

“உள்ள ஒரு கொடி செதுக்கியிருக்கான் பாரு, தூணுக்குத் தூண் தாவிப் போகுது! எங்க முடியுதுன்னு பாக்கப் போனேன். பள்ளிவாசலையே ஒரு சுத்து சுத்திட்டேன்!”

திட்டுவதற்காகத் திரட்டி வைத்திருந்த நாலு வார்த்தையையும் விட்டுவிட்டு அக்கா கேட்டார்: “முடியுதா, இல்லையா?”

“கண்டுபிடிக்க முடியலையே.”

அவர் காலை நுழைக்கப்போன செருப்பை அக்கா எடுத்துச் செருப்புக் காவலரிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு வீட்டுக்காரரின் சுண்டுவிரலை இறுகப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தார்.