அலுமாரிக்குப் பின்னால் இருந்த துவக்கு

அனற் பிறந்து வளர்ந்தது டவுனுக்குள் இருந்த மஹய்யாவயில். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். பக்கத்து வீட்டில் கறி தாளித்தால் இங்கே தும்மல் வரும். அப்படிப்பட்ட இடத்திலிருந்து ரொனியைக் கட்டிக்கொண்டு கம்பளைக்கு மேலே மலைச்சரிவில் இருந்த தனி வீட்டுக்கு வந்தபோது, அவளைப் பயமுறுத்தியது காட்டுப்பன்றியோ அட்டையோ அல்ல. மாமனார் சுவக்கினின் துவக்குத்தான். இரட்டைக் குழல் துவக்கு. தோட்டத்துக்குள் பன்றி இறங்கினால் சுடுவதற்காக லைசன்ஸ் எடுத்து வைத்திருந்தார். சாப்பாட்டு மேசையில் அதைப் பிரித்துப் போட்டு அவர் எண்ணெய் பூசும் நாட்களில் அனற் சமையலறையை விட்டு வெளியே வரமாட்டாள்.

மாமனார் இறந்த பிறகு அது போய்விடும் என்று நினைத்திருந்தாள். ரொனியோ அரசாங்கக் கச்சேரிக்கும் பொலிசுக்கும் அலைந்து லைசன்ஸைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டான்.

“மரவள்ளி, வத்தாளைக் கிழங்கு எல்லாத்தையும் பன்னிக்குத் தின்னக் குடுத்துட்டு நாம கைய கட்டிக்கிட்டு இருக்கிறதா?” என்றான்.

அதற்குள் வீட்டில் இரண்டு பிள்ளைகள். மூத்தவள் கிறேஸ் இரண்டாம் வகுப்பு. இளையவன் டெனிஸுக்கு இன்னும் பாலர் பாடசாலைகூட ஆரம்பிக்கவில்லை. அனற் கம்பளையில் ஒரு பல் வைத்தியரிடம் நோயாளிகளுக்கு நம்பர் கொடுத்துக் கூப்பிடும் வேலை பார்த்தாள். அவள் வேலைக்குப் போகும் நேரத்தில் ரொனி தோட்டத்தில் நின்றபடியே பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வான்.

துவக்கைப் படுக்கையறையில், அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் இருந்த சந்தில் சாக்கு சுற்றி நிறுத்தியிருந்தான். தோட்டாக்கள் அலுமாரி உச்சியில், பிஸ்கட் டின்னில். “துவக்கு ஒரு இடம், தோட்டா ஒரு இடம். இதுக்கு மேல என்ன வேணும்?” என்பான். அனற்றுக்கு மனம் ஆறவில்லை. ஆனால் என்ன கேட்க வேண்டும் என்றும் அவளுக்குத் தெரியவில்லை. கேட்டால் டவுன்காரி பயப்படுகிறாள் என்று சிரிப்பான். அதற்காகவே பேசாமல் இருந்துவிட்டாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. தேவாலயத்தில் பூசை முடிந்து வந்ததும் ரொனி மரக்கறி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கம்பளைக்கு இறங்கிவிட்டான். அனற் சோற்றை வடித்து வைத்துவிட்டு, பிள்ளைகளின் சத்தம் கேட்கவில்லையே என்று பின்பக்கம் போய்ப் பார்த்தாள். பலா மரத்தடியில் இருவரும் சோறு கறி ஆக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். மூன்று கல் வைத்த அடுப்பு. சிரட்டையில் மண் சோறு. அடுப்புக்குப் பக்கத்தில் சிவப்பாக, அடியில் பித்தளை மின்ன, விரல் உயரத்தில் ஏதோ நின்றது.

“அது என்ன டெனிஸ்?”

“கேஸ் சிலிண்டர்,” என்றான் டெனிஸ் பெருமையாக.

அனற் குனிந்து எடுத்தாள். தோட்டா. குரலை உயர்த்தினால் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்வார்கள் என்று தெரிந்ததால் மெதுவாகவே கேட்டாள்.

“யாரு எடுத்தது?”

கிறேஸ் தலையைக் குனிந்துகொண்டாள். பதில் டெனிஸிடமிருந்துதான் வந்தது.

“அக்காதான். ஜன்னல்ல ஏறி எடுத்துச்சு. நேத்து அக்கா துவக்கையும் எடுத்துச்சே! கட்டில் மேல வச்சு என்னைச் சுட்டுச்சு. டிக்குனு சத்தம் வந்துச்சு. நான் செத்துப் போயிட்டேன்.”

அவன் செத்துப்போன விதத்தை நடித்தும் காட்டினான். நாக்கைத் தள்ளிக்கொண்டு மண்ணில் சாய்ந்தான். அனற் அவனைப் பிடித்துத் தூக்கி, நெஞ்சு, வயிறு, கை என்று தடவித் தடவிப் பார்த்தாள். நேற்று நடந்து முடிந்ததற்கு இன்று என்ன தடவல் என்று அவளுக்கே தெரியவில்லை. கை நிற்கவில்லை.

இருவரையும் இழுத்துக்கொண்டு பக்கத்துத் தோட்டத்து பாயிஸாவிடம் ஓடினாள்.

“என்ன புள்ள, மொகமெல்லாம் வெளுத்துப் போய்க் கிடக்கு?”

“ராத்தா, இதுங்க ரெண்டையும் கொஞ்சம் பாத்துக்கங்க. நான் வந்து கூப்பிடுற வரைக்கும் எங்க வீட்டுப் பக்கம் விட்டுறாதீங்க.”

திரும்பி வந்து படுக்கையறைக் கதவைச் சாத்தி, அதற்கு வெளியே கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். துவக்கைத் தொடப் பயம். அதில் தோட்டா இருக்கிறதா, எப்படித் திறப்பது என்று எதுவும் தெரியாது. ரொனிக்குப் போன் எடுத்தாள்.

விசயத்தைச் சொன்னதும் முதலில் அவன் கிறேஸைத் திட்டினான். பிறகு, “அதுல ஒண்ணும் இல்ல அனற். வெறும் துவக்குத்தான். வியாழக்கிழமை பன்னிய விரட்டிட்டு நான்தான் கழட்டி வச்சேனே,” என்றான்.

“நல்லா ஞாபகம் இருக்கா?”

அந்தப் பக்கம் சந்தை இரைச்சல் மட்டும் கேட்டது. யாரோ மரக்கறி விலை கூவிக்கொண்டிருந்தார்கள்.

“சொல்லுங்க, ஞாபகம் இருக்கா?”

“வர்றேன்,” என்று போனை வைத்தான்.

அவன் வந்து சேரும்வரை அனற் ஒரே ஒரு தடவைதான் கதிரையை விட்டு எழும்பினாள். அடுப்பில் பருப்பு தீய்ந்து புகை வந்தது. எழும்பிப் போய் அணைத்துவிட்டு ஓடி வந்து மறுபடி உட்கார்ந்தாள்.

ரொனி செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனான். சாக்கை உருவி, குழலைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் பிடித்து, துவக்கை மடக்கித் திறந்தான். ஒரு குழல் வழியாகத் தரைச் சீமெந்து தெரிந்தது. மற்றதில் பித்தளை வட்டம் ஒன்று பளிச்சென்று இருந்தது.

வியாழக்கிழமை வெடித்த தோட்டாவை மட்டும் கழற்றி வீசிவிட்டு, வெடிக்காததை மறந்து மூடியிருக்கிறான். குழலுக்கு ஒன்றாக விசை இரண்டு. கிறேஸின் விரல் வெறும் குழலின் விசையில் போயிருக்கிறது.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். தோட்டாவை எடுக்கப் போய் இரண்டு தடவை வழுக்கவிட்டான். அதுவரை அந்தத் துவக்கைத் தொட்டே அறியாத அனற்தான் பக்கத்தில் முழந்தாளிட்டு, நகத்தால் நெம்பி அதை வெளியே இழுத்தாள்.

கிறேஸ் அடி விழும் என்று பாயிஸா வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தாள். அனற் அவளைத் தூக்கிக்கொண்டாள். “இனிமே அதத் தொடக்கூடாது, சரியா?” என்றாள். ஆனால் தொடக்கூடாது என்று சொல்லி வைப்பதை நம்பி இருக்க அவளால் இனி முடியாது.

அடுத்த வாரமே ரொனி கம்பளையில் ரஸீனின் வெல்டிங் கடையில் இரும்புப் பெட்டி ஒன்று செய்வித்துச் சுவரோடு ஆணி முறுக்கிப் பொருத்தினான். தோட்டாவுக்கு வேறொரு சின்னப் பெட்டி. துவக்குப் பெட்டியின் சாவி அவன் இடுப்பில். தோட்டாப் பெட்டியின் சாவி அனற்றிடம். அதை அவள் வேலைக்குப் போகும்போதும் கொண்டு போனாள். ஒருநாள் அந்திக் கருக்கலில், அவள் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது பன்றிகள் இறங்கி மரவள்ளிப் பாத்தியைக் கிளறிப் போட்டுவிட்டன.

“பன்னி என்ன, நீ வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு நிக்குமா?” என்று ரொனி கத்தினான்.

“மரவள்ளிய திரும்ப நட்டுக்கலாம்,” என்றாள் அனற். ரொனி வேலிக்குத் தகரம் அடிக்கத் தொடங்கினான்.

ஆனால் பயம் பெட்டிக்குள் அடங்கவில்லை. காலையில் பஸ் நிறுத்தம்வரை போய்விட்டு, பூட்டை இழுத்துப் பார்த்தோமா என்று சந்தேகம் வந்து மேட்டில் திரும்பி ஏறுவாள். கிளினிக்கில் நம்பரை மாற்றிக் கூப்பிடுவாள். டெனிஸ் தூங்கிக்கொண்டிருந்தால் மூச்சு வருகிறதா என்று மூக்கருகில் விரல் வைத்துப் பார்ப்பாள்.

அந்தச் சமயத்தில் கிறேஸின் சிநேகிதி வீட்டில் பிறந்தநாள் வந்தது. சிநேகிதியின் அம்மா சிந்துஜா போனில் அழைத்தாள். வருகிறோம் என்று சொன்ன பிறகு அனற் போனை வைக்காமல் தயங்கினாள். அந்த வீட்டுக்கும் தோட்டம் இருந்தது. அங்கேயும் பன்றி வரும்.

“சிந்துஜா, தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டுல துவக்கு ஏதாவது இருக்கா?”

“என்ன கேக்குறீங்க? எங்களப் பாத்தா எப்புடித் தெரியுது?”

அனற் வெட்கத்தை விழுங்கிக்கொண்டு தன் வீட்டில் நடந்ததை, இரும்புப் பெட்டி செய்தது வரை, முழுவதுமாகச் சொன்னாள். பாயிஸாவுக்குக்கூட அவ்வளவு சொன்னதில்லை.

“மாமாவோடது ஒண்ணு இருக்கு,” என்றாள் சிந்துஜா கடைசியில். “கட்டிலுக்கு அடியில. அவரு ஊருக்குப் போயிருக்காரு. எனக்குத் தொடவும் பயம்.”

“அறையப் பூட்டலாமா?”

“பூட்டு உடைஞ்சு கிடக்கு.”

பிறந்தநாளன்று அனற் பிள்ளைகளை முன்னறையில் விட்டுவிட்டு நேராக அந்தக் கட்டிலில் போய் உட்கார்ந்துகொண்டாள். கேக் துண்டை அங்கேயே கொண்டு வந்து கொடுத்தார்கள். வெளியே பாட்டுச் சத்தம். சிறிது நேரத்தில் சிந்துஜாவும் வந்து, கதவை ஒருக்களித்து, பக்கத்தில் உட்கார்ந்தாள். முன்னறையில் பலூன் ஒன்று படாரென்று வெடித்தது. இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். பிள்ளைகள் சிரிக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் கையை விட்டார்கள்.

“அந்தப் பெட்டி செஞ்ச கடை கம்பளையில எங்க இருக்கு?” என்று கேட்டாள் சிந்துஜா.