ரேட் போர்டில் ஒரு ‘கைக்கு?’

1. முதல் ஊசி

ஐதராபாத்தில் நான் குத்திய முதல் ஊசியே தப்பான பதிலோடு குத்திய ஊசி.

குடியாத்தத்திலிருந்து லேப் டெக்னீஷியன் டிப்ளமோவைச் சுருட்டிக்கொண்டு மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் சித்தப்பா வீட்டுக்கு வந்திறங்கிய நாலாம் நாள், செகந்திராபாத்தில் ஒரு பெரிய லேபில் சேர்ந்தேன். தமிழ் தெரியும். பரீட்சை எழுதுகிற அளவுக்கு இங்கிலீஷ் தெரியும். அவ்வளவுதான். முதலில் வந்தவர் ஒரு துணிக்கடைக்காரர். டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்லிப்பில் ஏழு டெஸ்ட். ட்யூப்களை வரிசையாக எடுத்து வைத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, “கைக்கு?” என்றார்.

அட, நம்ம ஆள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். “ஆமாங்க, கைக்குத்தான். இடது கையா, வலது கையா?” என்று கேட்டபடி புஜத்தில் பட்டையைக் கட்டி ஊசியைப் போட்டேவிட்டேன். மனுஷன் முறைத்த முறைப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

கவுன்டரில் இருந்த செகந்திராபாத் தமிழ்ப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். “இந்த ஊர்ல கைக்குன்னா ‘எதுக்கு’ன்னு அர்த்தம் சார். ஏழு டெஸ்ட் எதுக்குன்னு அவர் கேட்டார். நீங்க கையைப் பிடிச்சுட்டீங்க.”

நானும் சிரித்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் உறைத்தது: கேள்வி புரிந்திருந்தாலும் எனக்குப் பதில் தெரியாது.

அந்தக் கவுன்டர் பெண்தான் ஸ்டெல்லா. பின்னால் என் மனைவியானாள். ஏழு டெஸ்ட் எதுக்கு என்பதையும் அவள்தான் சொன்னாள். ஒவ்வொரு ஸ்லிப்புக்கும் எழுதிய டாக்டருக்கு ஒரு பங்கு போகும். லேப்காரர்கள் அதைக் ‘கட்’ என்போம். எல்லா டாக்டரும் அப்படியில்லை. ஆனால் அந்தப் பங்கும் சேர்ந்துதான் பேஷண்டின் பில்.

2. மஸ்தான் பாய் பார்த்த நாலு ஸ்கூல்

பல வருஷம் கழித்து பாலாநகரில் சொந்தமாக ஒரு சின்ன லேப் போட்டோம். ஸ்டெல்லாவும் தன் வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்து உட்கார்ந்தாள். “ரெண்டு பேரும் ஒரே கிளையில உட்கார்ந்திருக்கோம், பார்த்து அசைங்க” என்பாள். எதிர்ச்சாரியில் டாக்டர் ராவ் என்பவரின் கிளினிக். நல்ல கைராசிக்காரர். எங்களுக்கு வரும் சாம்பிளில் முக்கால்வாசி அவர் அனுப்புவது. ‘கட்’டும் அவருக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. நான் யோக்கியன் என்று எழுத வரவில்லை.

மஸ்தான் பாய் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். சர்க்கரை உண்டு. ஒரு நாள் சாம்பிள் கொடுக்க வந்தவர், மகளை எந்த ஸ்கூலில் சேர்ப்பது என்று பேச ஆரம்பித்தார். அவர் உருதுவில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

“நாலு பிரைவேட் ஸ்கூல் ஏறி இறங்கிட்டேன் சீலன் பாய். ஒண்ணுல டீச்சர் நாற்காலியை விட்டு எந்திரிக்கலை. நக்கோ, வேண்டாம்னு வந்துட்டேன். இன்னொண்ணுல கேட்டுக்குப் பெயின்ட் அடிச்சிருக்கான், உள்ளே பிள்ளைங்க நோட்டுல ஒரு திருத்தம் இல்லை. நக்கோ. மூணாவதுல ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, படிச்சுக் காட்டும்மான்னேன்.”

“பிரின்சிபால் கோவிச்சுக்கலையா?”

“எதுக்குக் கோவிச்சுக்கணும்? ஃபீஸ் நான்தானே கட்டறேன்?”

அப்படிப்பட்டவர், கையில் இருந்த ஸ்லிப்பைப் பார்க்காமலே நீட்டினார். அதில் ஐந்து டெஸ்ட். ஸ்கூலில் பிள்ளையைப் படிக்கச் சொல்லிப் பார்த்தவர், சொந்த ரத்தத்தைக் கொடுக்கும்போது வாய் திறக்கவில்லை. ஸ்கூலில் அவர் பார்த்து வாங்கினார். இங்கே அனுப்பினார்கள், வந்தார்.

அன்று சாயங்காலம் ஸ்டெல்லாவிடம் சொன்னேன். “‘கட்’டை நிறுத்திடலாம். அந்தப் பங்கை ரேட்டிலே குறைச்சு, வாசல்லயே போர்டு மாட்டிடலாம்.”

“டாக்டர் அனுப்பலேன்னா?”

“வர்றவங்க வரட்டும்.”

அவள் ஒரு பழைய ஸ்லிப்பின் பின்பக்கம் கட்டம் கிழித்தபடி, “போர்டுல டெஸ்ட் பேர் ஒரு கட்டம், ரேட் ஒரு கட்டம் போட்டுட்டு, மூணாவதா ஒரு கட்டம் போடுங்க. அந்த டெஸ்ட் எதைப் பார்க்குதுன்னு ஒரே வரி. தலைப்பு ‘கைக்கு?’ன்னு இருக்கட்டும். உங்க முதல் ஊசி ஞாபகமா” என்றாள்.

தெலுங்கு எழுத்திலும் உருது எழுத்திலும் எழுதி மாட்டினோம்.

3. கர்ட்டன் கலர்

பத்தே நாளில் டாக்டர் ராவ் கூப்பிட்டு அனுப்பினார். “சீலன் காரு, அந்த போர்டை எடுத்துடுங்க. பேஷண்ட்டெல்லாம் வந்து என்னைக் கைக்கு கைக்குன்னு கேட்கறான். நான் என்ன வைத்தியம் பார்க்கறதா, கிளாஸ் எடுக்கறதா?”

எடுக்கவில்லை. ஸ்லிப் நின்றது. காலையில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்த பெஞ்சில் இரண்டு பேர். ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கிற சென்ட்ரிஃப்யூஜ் சத்தம் கேட்டாலே ஸ்டெல்லா, “யாரு வந்தாங்க?” என்று எட்டிப் பார்ப்பாள்.

மற்ற லேப்காரர்கள் ஒரு கூட்டம் போட்டார்கள். எல்லாரும் ஒரே ரேட் வைத்துவிடலாம், யாரும் குறைக்கக் கூடாது என்றார்கள். “எல்லாரும் ஒரே ரேட்டுன்னா பேஷண்ட் எதைப் பார்த்து நம்மள்ல ஒருத்தர்கிட்ட வருவான்? கர்ட்டன் கலரையா?” என்றேன். டீ வருவதற்குள் எழுந்து வந்துவிட்டேன். இன்னொருவர், சர்க்காரே ஒரு ரேட் போடட்டும் என்றார். அதுவும் எனக்கு ஒப்பவில்லை. ரிப்போர்ட் சரியாக வருகிறதா என்று சர்க்கார் பார்க்கட்டும். ரேட்டை வாசல்படியில் நிற்கிறவர் பார்த்துக்கொள்வார்.

அக்கம்பக்கத்துப் பட்டறை ஆட்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். போர்டு முன் நின்று ஒருத்தருக்கொருத்தர் படித்துக் காட்டுவார்கள். இருந்தாலும் லேப் நிலைத்து நிற்குமா என்பது இன்னும் ஊசலாட்டத்தில்தான் இருந்தது.

4. இளஞ்சிவப்பு

அப்படிப்பட்ட நேரத்தில்தான் அந்தத் தப்பு. தினமும் காலையில், விடை முன்பே தெரிந்த ஒரு சாம்பிளை மெஷினில் போட்டுப் பார்ப்போம். அதற்குக் கன்ட்ரோல் என்று பேர். அன்று சர்க்கரைக்கான கன்ட்ரோல் எகிறி நின்றது. பார்த்தால், நிறமில்லாமல் இருக்க வேண்டிய டெஸ்ட் திரவம், அதாவது ரீஏஜென்ட், லேசாக இளஞ்சிவப்பு. முந்தின நாள் காலையில் கன்ட்ரோல் சரியாக இருந்தது. மத்தியானம் நான்தான் பாட்டிலை ஜன்னலோரம் வெயிலில் மறந்திருக்கிறேன். அதற்கப்புறம் கொடுத்த நாலு ரிப்போர்ட்டிலும் சர்க்கரை கூடுதலாகத்தான் வந்திருக்கும்.

நாலில் ஒன்று, ஸ்லிப் இல்லாமல் தானாகவே வந்த மஸ்தான் பாயுடையது. அதைப் பார்த்து டாக்டர் ராவ் மாத்திரையைக் கூட்டியதை முந்தின நாள் சாயங்காலமே பாய் வந்து சொல்லியிருந்தார். இல்லாத சர்க்கரைக்கு மாத்திரை போட்டு, லேத் முன்னால் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்தால் என்ன ஆகும்? உடனே போன் போட்டேன்.

“பாய், காலை மாத்திரை போட்டாச்சா?”

“இல்ல, நாஷ்தா இன்னும் சாப்பிடலை. கைக்கு?”

இந்தத் தடவை எனக்குப் பதில் தெரிந்திருந்தது. “நேத்து ரிப்போர்ட் தப்பு பாய். என் தப்பு. அந்தப் புது மாத்திரையைத் தொடாதீங்க, இங்கே வாங்க.”

மற்ற மூவருக்கும் சொல்லியாயிற்று. ஸ்டெல்லா சாக்பீஸை எடுத்து போர்டின் அடியிலேயே எழுதினாள்: ‘நேற்று மத்தியானம் பார்த்த சர்க்கரை ரிப்போர்ட் தப்பு. மறுபடி பார்த்துத் தருகிறோம், காசு வேண்டாம்.’

“ஊரே சிரிக்கும்” என்றேன்.

“சிரிக்கட்டும். நீங்க எதிர்ப்பக்கம் போயிட்டு வாங்க.”

போனேன். டாக்டர் ராவ் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது.”

“உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது சார். பாய்க்குத் தெரிஞ்சிருக்கும், லேத் முன்னால.”

மறுபடி பார்த்ததில் பாயின் சர்க்கரை பழையபடிதான் இருந்தது. பழைய மாத்திரையே போதும் என்றாயிற்று. பாய் ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “நான் பார்த்த நாலு ஸ்கூல்லயும் ஒரு டீச்சர்கூடத் தப்புன்னு ஒத்துக்கலை சீலன் பாய்” என்றார். அந்த வாரமே அவர் பட்டறையிலிருந்து ஆறு பேரைக் கூட்டிவந்தார்.

5. புதிதாக வருகிறவர்களுக்கு

லேப் நிலைத்துவிட்டது. இன்றும் அதே போர்டு, மூன்று தடவை பெயின்ட் அடித்தாயிற்று. பக்கத்து லேப்களும் போர்டு மாட்டிவிட்டார்கள். இரண்டு டெஸ்டில் ரேட் எங்களைவிடக் குறைவு. ஸ்டெல்லாவுக்குக் கோபம், எனக்குச் சிரிப்பு.

கையில் காசில்லாதவர் என்ன செய்வார் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவருக்காகச் செலவழிக்க நினைக்கிற சர்க்கார் அதை அவர் கைக்கே கொடுக்கட்டும், எங்கே பார்ப்பது என்று அவர் முடிவு செய்யட்டும் என்பது என் கட்சி. காசு தமிழ்க் ‘கைக்கு’ வந்துவிட்டால் ஐதராபாத் ‘கைக்கு?’ தானாகவே வாயில் வந்துவிடும்.

லேப் வேலைக்குப் புதிதாக வருகிற நீங்கள் செய்ய வேண்டியது, பட்டையைக் கட்டுமுன் அந்தக் கேள்விக்குக் காது கொடுப்பது.

அந்த வெயில் பாட்டில் சமாச்சாரம் நடந்து கொஞ்ச நாள் பொறுத்து டாக்டர் ராவ் ஒரு பேஷண்டை அனுப்பினார். கட் பேச்சே இல்லை. ஸ்லிப்பில் நாலு டெஸ்ட். மூன்றுக்கு எதிரே, எதற்கென்று அவர் கையெழுத்திலேயே ஒவ்வொரு வரி. நாலாவதை எழுதி, எதிரே பேனாவை வைத்து ஒரு புள்ளி மட்டும் வைத்திருந்தார். அப்புறம் அந்த டெஸ்டையே அடித்துவிட்டிருந்தார்.