இறக்கம் பார்த்து நின்ற கார்

காலை ஆறேகால் மணி. நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்துக்கு முன்னால் இருந்த புல் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. அந்த வெள்ளைக்கு நடுவே, அப்பாவின் காருக்கு அடியில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்புக் கறை. தண்ணீர் பிடிக்கப் போன அம்மா அதைப் பார்த்துவிட்டு, யாருடைய கோழியையோ நாய் பிடித்துவிட்டது என்றார். அப்பா குனிந்து விரலால் தொட்டு மோந்து பார்த்தார். எண்ணெய். எங்கள் காரில் சிவப்பாக இருப்பது கியர்ப் பெட்டிக்கு ஊற்றுகிற எண்ணெய் ஒன்றுதான் என்று அன்றைக்குத்தான் நான் தெரிந்துகொண்டேன். எனக்கு அப்போது பத்து வயது.

கந்தப்பளைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில், எல்லா லயங்களையும் சேர்த்துப் பார்த்தாலும், கார் வைத்திருந்தவர் அப்பா ஒருவர்தான். கொழுந்து லொறி ஓட்டிக்கொண்டிருந்தவர், லொறி வேலை வெளியாட்களுக்குப் போனதும், பலர் கைமாறி வந்த ஒரு பழைய ஜப்பான் காரை வாங்கி, நோயாளிகளை நுவரெலியாவுக்கு ஏற்றிப் போகவும் கல்யாண வீடுகளுக்கு ஓடவும் வைத்திருந்தார். அது "ஓட்டோ கியர்" கார், கிளச் கிடையாது. பக்கத்து வீட்டுக் காம்பராவில் இருந்த செல்லையா மாமா அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னா மச்சான், ஒரு காலுக்கு வேலையே இல்லையே" என்றார். "அந்தக் காலை ஒனக்குத் தாரேன், பின்னால நின்னு தள்ளு" என்றார் அப்பா.

கறையைப் பார்ப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பே கார் சொல்பேச்சுக் கேட்காமல் போயிருந்தது. குளிரில் கியரைப் போட்டால் சற்று நேரம் ஒன்றுமே நடக்காது, பிறகு பின்னாலிருந்து யாரோ எட்டி உதைத்ததுபோல் வெட்டிக்கொண்டு கிளம்பும். ஏற்றத்தில் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறவேண்டிய இடத்தில் எஞ்சின் மட்டும் தனியாகக் கத்தும், கார் பின்தங்கும். அப்பா அதை "வழுக்குது" என்றார். அப்பாவின் அக்கா, எங்களோடு அதே லயத்தில் இருந்த மூக்காயி அத்தை, கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டே, "ஏன்டா தம்பி, இது காரா கழுதையா? ஒதைச்சாத்தான் நகருமா?" என்று கேட்டுவிட்டு, காலையில் பேர் பதிகிற பெரட்டுக்குப் போவார்.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பெற்றோல் ஃபில்டர் என்றார்கள், அப்பா மாற்றினார். எஞ்சினைத் தாங்குகிற ரப்பர் என்றார்கள், அதையும் மாற்றினார். எண்ணெயை மட்டும் அவர் சந்தேகிக்கவில்லை. கறையைக் கண்ட பிறகும், எஞ்சினை ஓடவிட்டு, எண்ணெய் அளவு பார்க்கிற கோலை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எண்ணெய் கோடு வரை இருந்தது. "சொட்டு சொட்டாத்தான் ஒழுகுது. உள்ள கொறையில்ல" என்றார்.

எங்கள் பக்கத்தில் வண்டிகளை இறக்கத்தைப் பார்த்துத்தான் நிறுத்துவார்கள். குளிரில் பற்றரி செத்துப்போனால், கல்லை எடுத்துவிட்டு உருட்டி, ஓட்டத்திலேயே ஸ்டார்ட் செய்துகொள்ளலாம். லொறி ஓட்டிய காலத்தில் அப்பாவுக்குப் பழகிய முறை அது. ஓட்டோ கியர் காரை அப்படித் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது என்பதும் அவருக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு மாலையும் காரைத் திருப்பி, மூக்கு கீழே இருக்கும்படி நிறுத்தி, சில்லுக்குக் கல் வைத்தார்.

கடைசியில் நுவரெலியாவில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனார். பள்ளிக்கூட விடுமுறை என்பதால் நானும் போனேன். சிங்களக்கார மெக்கானிக் பாஸ் காரைச் சீமெந்துத் தரையில் நிறுத்தச் சொல்லி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கோலை உருவினார். நுனி மட்டும் நனைந்திருந்தது. எண்ணெய் இப்போது சிவப்பாகவும் இல்லை. பாலில்லாத சாயத்தண்ணி நிறத்தில், கருகிய வாசத்தோடு இருந்தது. லயத்து இறக்கத்தில் நின்ற காரில், இருந்த கொஞ்ச எண்ணெயும் முன்னால் ஓடிச் சேர்ந்து கோலில் ஏறியிருக்கிறது. ஏன் சமதரையில் வைத்துப் பார்க்கவில்லை என்று பாஸ் சிங்களத்தில் கேட்டார். "ஒருநாள் எங்க லயத்துக்கு வந்து, சமதரைய நீங்களே காட்டுங்க" என்று அப்பாவும் சிங்களத்தில் சொன்னார். இருவரும் சிரித்தார்கள். பிறகு பாஸ் சிரிக்காமல் சொன்னார்: கியர்ப் பெட்டிக்குள் பிளேட்டுகள் கருகிவிட்டன, ஒழுக்கை அடைத்து எண்ணெய் ஊற்றினால் கொஞ்ச காலம் ஓடும், பெட்டியையே மாற்றவேண்டும், அதுவரை ஆட்களை ஏற்றிக்கொண்டு ஏற்றத்தில் போகக்கூடாது.

தோட்டத்தில் இருந்த ஒரே சமதரை பெரட்டுக் களம். வாரம் ஒருமுறை காரை அங்கே நிறுத்தி எண்ணெய் பார்க்கலாமா என்று அப்பா, வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயாவிடம் கேட்டார். "இன்னைக்கு ஒன் காரை விட்டா, நாளைக்கு எல்லாரும் காரைக் கொண்டாந்து நிப்பாட்டுவாங்க" என்றார் அவர். அப்பா முன்சில்லுகளுக்குக் கீழே பலகைகளை அடுக்கி, காருக்குள் ஒரு தட்டில் தண்ணீரை வைத்துச் சமம் பார்த்து, அதன் பிறகே கோலை உருவப் பழகினார். எண்ணெய் குறையவில்லை. பெட்டியைத் தீபாவளி கழிந்து மாற்றுவதாக இருந்தது.

அதற்கு முன்னால், இரண்டாம் நம்பர் மலையில், மத்தியானம், குளவிக்கூடு கலைந்தது. மற்றப் பெண்கள் சரிவில் உருண்டு தப்பினார்கள். அத்தை இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கு தேயிலைச் செடியில் சிக்கிக்கொண்டது. தோட்டத்து லொறி தொழிற்சாலைக்குப் போயிருந்தது. அப்பா காரை எடுத்தார். அத்தையைப் பின்சீட்டில் படுக்க வைத்து, அம்மா தலையை மடியில் வாங்கிக்கொண்டார். முன்சீட்டில் நான் ஏறியிருந்தேன். என்னை இறங்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

பிரதான வீதிக்கு ஏறுகிற வளைவில் எஞ்சின் கத்தியது. கார் நின்றது. அப்பா கியரை இரண்டில் போட்டார், பிறகு ஒன்றில் போட்டார், மிதித்தார். கருகிய வாசம் உள்ளே வந்தது. கார் மெதுவாகப் பின்னால் உருளத் தொடங்கியபோது அவர் பிரேக்கை அழுத்திக்கொண்டு முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தைக்குக் கண் திறக்க முடியாதபடி முகம் வீங்கியிருந்தது. "தம்பி, எறக்கி விடுடா. நான் நடந்து போயிக்கிறேன்" என்றார்.

ஆட்கள் ஓடிவந்து கம்பளியில் அவரைத் தூக்கி வீதிக்குக் கொண்டுபோனார்கள். மரக்கறி லொறி ஒன்று நிறுத்தி ஏற்றிக்கொண்டது. நுவரெலியா ஆஸ்பத்திரியில் இறக்கும்போது அத்தைக்கு மூச்சில்லை. சாவு வீட்டில் செல்லையா மாமா யாரையும் பார்க்காமல், "பழைய லொறியா இருந்தா ஏறியிருக்கும்" என்றார். அப்பாவுக்கு அது கேட்டது. தட்டில் இருந்த வெற்றிலையை எடுத்து அவர் பக்கம் நீட்டினார்.

காரை உதிரிப்பாகங்களுக்காக ஒருவர் கட்டி இழுத்துப் போனார். அப்பா அதன் பிறகு வாகனம் ஓட்டவில்லை. அவர் இறந்து சில வருடங்களாகின்றன. எங்கள் லயத்தை இடித்துவிட்டார்கள். இப்போது வருகிற ஓட்டோ கியர் கார்கள் பலவற்றில் கியர் எண்ணெய் பார்க்கக் கோலே கிடையாது. போன மாதம் தோட்டத்துக்குப் போயிருந்தேன். இரண்டாம் நம்பர் மலையில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து பிரதான வீதிக்கு ஏற இன்றைக்கும் அந்த ஒரு வளைவுதான் இருக்கிறது.