சைபரும் காலிக் கட்டமும்

அவரைப் பற்றி யாராவது ஒரு குறை சொல்லமாட்டார்களா என்று நான் காது கொடுத்துக் காத்திருந்த காலம் ஒன்று உண்டு. யாரும் சொல்லவில்லை. ஹட்டனுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் இரண்டே இரண்டு சின்னக் கிளாக்கர்கள். ஒருவர் அவர், யாழ்ப்பாணத்துக்காரர். மற்றவன் நான். அதே தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, ஹட்டன் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் படித்து, எப்படியோ ஆபீஸ் நாற்காலிக்கு வந்து சேர்ந்தவன். எங்கள் இருவருக்கும் ஒரே குவாட்டர்ஸ், ஆளுக்கொரு அறை, நடுவில் ஒரு பலகைச் சுவர். அவர் படுத்த உடனே தூங்கிவிடுவார். அதுகூட எனக்குப் பொறுக்காது.

அவருடைய கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். ஊரிலிருந்து அவருக்கு, பனம்பழக் களியைக் காயவைத்துச் செய்த பனாட்டுப் பார்சல் வரும். வந்ததும் பாதியை வெட்டி என் மேசையில் வைத்துவிட்டுப் போவார். பெரிய கிளாக்கர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார், அவரை மட்டும் “தம்பி” என்பார். துரையின் நாய் தோட்டத்தில் எல்லோரையும் பார்த்துக் குரைக்கும். அவரைக் கண்டால் வாலை ஆட்டும். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். நல்லவராக இருந்து என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் தோட்டமும் உடப்புசல்லாவைப் பக்கத்தில் சில தோட்டங்களும் ஒரே கொம்பனியின் கையில் இருந்தன. கொம்பனி கொழும்பில் ஒரு கணக்குப் போடும் மெஷினை வாங்கிப் போட்டது. துளை போட்ட அட்டைகளைத் தின்று, கணக்கைத் தாளில் அச்சடித்துத் துப்பும் மெஷின். அதற்கு என்ன செய்யவேண்டும் என்று வரி வரியாகக் கட்டளை எழுதிக் கொடுக்கவேண்டும். தோட்டத்துக் கணக்கு தெரிந்த ஆள்தான் அதை எழுதமுடியும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. சீமையில் படித்துவிட்டு வந்த ஒரு சிங்கள அதிகாரி எங்கள் தோட்டத்துக்கு வந்து, ஆபீஸுக்குப் பின்னால் உரமூட்டை அடுக்கியிருந்த அறையில் எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். பேச்செல்லாம் இங்கிலீஷில்தான், கோபம் வந்தால் மட்டும் சிங்களம். முதல் நாளே சொல்லிவிட்டார்: யார் நன்றாக எழுதுகிறீர்களோ அவரைக் கொழும்பு மெஷின் அறைக்கு எடுத்துக்கொள்வேன். ஒரே ஓர் இடம்தான்.

அந்த இடம் எனக்கு வேண்டும் என்று நான் நினைத்ததைப் போல வேறு எதையும் நினைத்ததில்லை. லயத்துப் பிள்ளைகள் கொழும்புக்குப் போவதென்றால் வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும்தான் போவார்கள். நாற்காலியில் உட்காரப் போனவர் என்று எங்கள் தோட்டத்தில் ஒருவரும் இல்லை. அவருக்கென்ன, போகாவிட்டாலும் யாழ்ப்பாணத்தில் கல்வீடு இருந்தது.

மெஷினுக்கு எண் தெரியாது என்பதுதான் அதிகாரி சொன்ன முதல் பாடம். அட்டையில் இரண்டும் நாலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நமக்கு அது இருபத்துநாலு. மெஷினுக்கு அது வெறும் இரண்டு அடையாளங்கள். முதல் அடையாளத்தை எடு, பத்தால் பெருக்கு, அடுத்ததைக் கூட்டு என்று நாம் சொன்னால்தான் அது எண்ணாகும். அட்டையில் இடைவெளியும் கிடையாது, காற்புள்ளியும் கிடையாது. இன்ன கட்டத்திலிருந்து இன்ன கட்டம் வரைக்கும் ஆளின் நம்பர், அடுத்த இரண்டு கட்டம் காலை நிறுவை, அடுத்த இரண்டு பகல் நிறுவை, கடைசி இரண்டு அந்தி நிறுவை. எண்ணுக்கு அதன் இடம்தான் அடையாளம்.

அதிகாரி கரும்பலகையில் ஓர் உதாரணம் எழுதினார். ஒருத்தி காலையில் எட்டு றாத்தல், பகலில் இருபத்துநாலு, அந்தியில் பதினேழு றாத்தல் கொழுந்து நிறுத்தாள். அட்டையில் 082417. முன்னால் இருக்கும் சைபரை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். நான் பென்சிலை எடுப்பதற்குள் பக்கத்திலிருந்த அவர் பதில் சொல்லிவிட்டார்.

“எல்லாம் ஒரு கட்டம் இடப்பக்கம் தள்ளுப்படும் சேர். காலமை எண்பத்திரண்டு, பகல் நாப்பத்தொண்டு, பின்னேரம் எழுபது.”

தமிழில் சொல்லிவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்ப இங்கிலீஷில் சொன்னார். அதிகாரி சிரித்தார். எழுபது எப்படி வந்தது என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. கடைசிக் கட்டம் காலியாகிவிட்டது. காலிக் கட்டத்தை அவர் சைபர் என்று எடுத்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு சிரிப்புக்காக அன்றைக்குப் பகல் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

ஆனால் அந்த எழுபது என் மனதில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. காலியும் சைபரும் எப்படி ஒன்றாகும்? எங்கள் அம்மா அப்போதும் அதே தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். நான் பள்ளிக்கூடத்தில் படித்த நாளில் ஒருமுறை, முத்தின இலை கலந்திருக்கிறது என்று அவருடைய காலைக் கொழுந்து முழுவதையும் கீழே கொட்டச் சொல்லிவிட்டார்கள். கொட்டியதுகூட அம்மாவுக்குப் பெரிதில்லை. நிறுவை எழுதியவர் அம்மாவின் பெயருக்கு நேரே ஒன்றும் எழுதாமல் விட்டுவிட்டார். அதற்குத்தான் அம்மா தராசடியில் நின்று சண்டை பிடித்திருக்கிறார்.

“சைபரப் போடுங்கன்னேன்,” என்று வீட்டுக்கு வந்து கத்தினார். “சைபர் போட்டாக்கா மலைக்கு வேலைக்கு வந்தேன்னு அர்த்தம். ஒண்ணும் போடாம விட்டாக்கா நான் வரவே இல்லேன்னு அர்த்தம். மழையில நனஞ்சுக்கிட்டு எடுத்தவ நானு, வராதவளா?”

எழுதவைத்துவிட்டுத்தான் வந்திருந்தார். சைபருக்காகச் சண்டை போடும் மனுஷி உண்டா என்று பக்கத்து வீட்டுக் காம்பராவில் ஒரு வாரம் கேலி பேசினார்கள்.

அதை நினைத்துத்தான் என் கட்டளையை எழுதினேன். காலிக் கட்டத்தைக் கண்டால் எண் ஆக்காதே, நின்றுவிடு. யாழ்ப்பாணத்துக்காரர் தன்னுடையதில் காலியையெல்லாம் சைபர் என்று எடுத்துக்கொண்டு போகச் சொல்லியிருந்தார். அவர் தாளை மேசையில் விட்டுவிட்டுக் குளிக்கப்போன நேரத்தில் எட்டிப் பார்த்துவிட்டேன். என் சந்தோஷத்துக்கு அளவில்லை. வசமாக மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன். தேத்தண்ணியில் இரண்டு கரண்டி சீனி போட்டுக் குடித்தேன்.

இரண்டு பேருடைய கட்டளையும் எங்கள் தோட்டத்து நிறுவைத் தாள்களும் கொழும்புக்குப் போயின. அங்கே தாளைப் பார்த்து அட்டையில் துளை போட்டு மெஷினை ஓட்டினார்கள். அவருடைய கட்டளை எல்லா அட்டைகளையும் மடமடவென்று படித்து முடித்தது. என்னுடையது முதல் அட்டையிலேயே நின்றது. தள்ளிவிட்டு அடுத்ததைப் போட்டால் அதிலும் நின்றது.

காரணம் தெரிந்தபோது தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. முன்னால் வரும் சைபருக்கு மதிப்பில்லை என்று எல்லோருக்கும் பள்ளிக்கூடத்தில் அடித்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதனால் எங்கள் கணக்குப்பிள்ளைமார் எட்டு றாத்தலை எழுதும்போது வலப்பக்கக் கட்டத்தில் எட்டை எழுதிவிட்டு இடப்பக்கத்தைச் சும்மா விட்டிருந்தார்கள். தாளில் உள்ளபடியே அட்டையிலும் துளை போட்டாயிற்று. மலைநாட்டில் பாதிப் பெண்கள் காலையில் ஒற்றை இலக்கத்தில்தான் நிறுப்பார்கள், பனியில் கை விறைத்துக் கிடக்கும். நானும் பல மாதம் தராசடியில் அப்படியேதான் எழுதியிருக்கிறேன். என் கட்டளை என் பழக்கத்திலேயே இடறி விழுந்தது.

என் முகத்தில் ஈயாடவில்லை. அவர் என் அறை வாசலில் வந்து நின்றார். ஆறுதல் சொல்ல வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் எரிச்சல் இன்னும் கூடியது.

“நீர் நினைச்சது பிழை இல்லை,” என்றார். “வேலைக்கு வராத ஆக்களுக்கும் என்ர கட்டளை சைபர் போட்டு வச்சிருக்கு. பெரிய கிளாக்கர் பாத்திட்டு ஏசுறார்.”

“நல்லா ஏசட்டுங்க,” என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே போனார். நான் விளையாட்டுக்குச் சொன்னேன் என்று நினைத்துவிட்டார்.

பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து திருத்தி எழுதினேன். நிறுவைக் கட்டங்களில் இடப்பக்கம் மட்டும் காலியாக இருந்தால் சைபர் என்று எடுத்துக்கொள். அந்த நிறுவையின் இரண்டு கட்டமும் காலியாக இருந்தால் எண் ஆக்காதே, அச்சடிக்கும் தாளிலும் காலியாகவே விடு. நிறுவை தவிர வேறு எந்த விவரம் முழுக்கக் காலியாக இருந்தாலும் அந்த அட்டையைப் படிக்காதே, வெளியே தள்ளு. எல்லாம் சேர்த்து ஆறு வரிதான். அதிகாரி அதைக் கொழும்பில் ஓட்டிப் பார்த்துவிட்டுத் துரையின் பங்களாவுக்கு டெலிபோன் செய்தார். இந்த ஆறு வரியை இனி கொம்பனியின் எல்லாக் கணக்குக்கும் போடப்போகிறேன், எழுதியவரை அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

அந்த ஒரு வாரம் எனக்கு அவரைப் பிடித்திருந்தது. நல்ல மனிதர், பாவம், தூங்குவதைத் தவிர வேறென்ன சுகம் கண்டார் என்றுகூட நினைத்தேன். பனாட்டை நானாகவே கேட்டு வாங்கித் தின்றேன்.

கொம்பனி ஆபீஸ் ஆட்களுக்கும் அட்டை உண்டு. பெயர், வயது, படிப்பு, பிறகு ஒற்றைக் கட்டத்தில் பிரஜாவுரிமை. இலங்கைப் பிரஜை என்றால் ஒன்று. வேறு நாட்டுப் பாஸ்போர்ட் என்றால் இரண்டு. சுதந்திரம் கிடைத்த கையோடு வந்த சட்டம், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழியான எங்கள் சனத்தை இரண்டிலும் சேர்க்காமல் விட்டிருந்தது. அப்பா உயிரோடு இருந்தபோது போட்ட விண்ணப்பத்துக்குப் பதில் வரவில்லை. நான் போட்டதற்கும் வரவில்லை. ஒன்று போட்டால் பொய். இரண்டு போட்டாலும் பொய். நான் கடலைப் படத்தில்தான் பார்த்திருந்தேன். அதனால் தாளில் அந்தக் கட்டத்தைச் சும்மா விட்டிருந்தேன்.

மெஷின் அறைக்கு ஆள் எடுப்பதற்காக ஆபீஸ் அட்டைகளை ஓட்டியிருக்கிறார்கள். என் அட்டையை மெஷின் வெளியே தள்ளிவிட்டது. அது செய்ததில் ஒரு தவறும் இல்லை. அப்படித்தான் நான் எழுதியிருந்தேன்.

அந்தக் கட்டத்தைப் பூர்த்தி செய்து அனுப்பச் சொல்லிக் கேட்டார்கள். பெரிய கிளாக்கர் என்னைக் கூப்பிட்டு, பேனாவை மூடியபடி கையில் வைத்துக்கொண்டு, “என்ன போடுறது?” என்றார். கட்டம் காலியாகவே திரும்பிப் போனது. கொழும்பில் மேலிடத்துக்கு விஷயம் போய்விட்டது. பிரஜாவுரிமை இல்லாத ஆள் வேண்டாம் என்றார்கள். இடம் அவருக்குப் போனது.

அன்று மாலை அவர் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பேசினார்.

“சைபர் எண்டு போட்டிருக்கலாமே. ஒருத்தரும் கேட்டிருக்கமாட்டினம்.”

“சைபர்னாலும் அது ஒரு பதில்ங்க. எனக்குத்தான் பதிலே வரலியே.”

தூங்கிவிட்டார் என்று நினைத்துக் கொதித்தேன். தூங்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, “என்ர கட்டளையில ஓடியிருந்தா உம்மட அட்டை போயிருக்கும்,” என்றார்.

அதுதான் என்னைக் கொன்றது. அது எனக்கும் தெரியும். அவருடைய பிழையான கட்டளையில் என் அட்டை ஒரு சைபரைச் சுமந்துகொண்டு சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்திருக்கும். என்னுடைய சரியான கட்டளைதான் என்னைப் பிடித்து வெளியே தள்ளியது. பிழை விடுவதிலும் அந்த மனிதருக்கு என்னைவிட நல்ல கை. பொறாமைப்பட இனி ஒன்றும் மிச்சமில்லை என்று நினைத்திருந்த எனக்கு இப்போது அவருடைய பிழையின் மேலும் பொறாமை வந்தது.

லயத்துக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அட்டை, மெஷின், கட்டம் எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் மலையில் மழைக்குப் போர்த்திய ஈரக் கொங்காணியை அடுப்புக்கு மேலே கட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“அந்தக் கட்டத்துல சைபராச்சும் போட்டாங்களா?” என்றார்.

“இல்லம்மா.”

எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

யாழ்ப்பாணத்துக்காரரை ஹட்டன் ஸ்டேஷனில் வழியனுப்பப் போனேன். போகாவிட்டால் பொறாமை என்று பேசுவார்கள். பொறாமைதான், ஆனால் பிறர் வாயால் அதைக் கேட்க எனக்கு விருப்பமில்லை. மிச்சப் பனாட்டை என் கையில் திணித்துவிட்டு வண்டி ஏறினார். வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரே மூச்சில் தின்று தீர்த்தேன்.

அடுத்த மாதம் கொழும்பிலிருந்து முதல் தாள்கட்டு வந்தது. அகலமான தாளில் எண்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக, கோடு பிடித்த மாதிரி இருந்தன. நான் அம்மாவின் வரியைத் தேடி எடுத்தேன். காய்ச்சலில் படுத்திருந்த நாளுக்கு நேரே காலியாக இருந்தது. மலைக்குப் போய், கொழுந்தைக் கொட்டச் சொல்லிவிட்ட ஒரு காலைக்கு நேரே சைபர் இருந்தது. ஓரிடத்திலும் பிழை இல்லை. என் ஆறு வரியும் அங்கே கொழும்பில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தன. அவை போன இடத்துக்கு நான் போகமுடியவில்லை என்று எனக்கு வயிறு எரிந்தது. தாளின் அடியில், சரிபார்த்தவர் என்ற இடத்தில், அச்சடித்த மாதிரி அவருடைய கையெழுத்து இருந்தது.